ஆறுதலுக்காக எழுதியது

கவரைப்பேட்டை,
9.6.2002

என் அப்சுக்கு,

ஏஞ்சல் எழுதுவது. இங்கே நைனா, அம்மா, அண்ணன், அண்ணி, அண்ணி வயிற்றில் இருக்கிற குட்டி உட்பட எல்லாரும் கர்த்தர் புண்ணியத்தில் சுகம். உன் சுகத்தை நீ எழுதினால்தான் தெரியும். உன் மெஷின் என் மெஷினோடு தினமும் பேசுகிறது. நீதான் பேசுவதில்லை.

கம்பெனி முழுக்க மெயில் போய்வர வழி செய்துகொடுக்கிற நாம் ரெண்டு பேரும் கவரில் ஸ்டாம்ப் ஒட்டி எழுதிக்கொள்கிறோம் என்று எங்கள் வீட்டில் பாக்கியராஜ் அண்ணனுக்கு ஒரே சிரிப்பு. "மெஷின்ல தட்டிவுட்டா பூடுமே, இன்னாத்துக்கு எச்ச தொட்டு ஒட்டிக்கினு கீற?" என்றான். மெஷினில் போவதை உங்கள் சென்னை ஆபீஸில் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், நம் ரகசியம் ஊருக்கு எதற்கு என்றேன்.

அப்படியே என் வேலைதான் என்ன என்று கேட்டான். எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். கும்மிடிப்பூண்டி பேக்டரியில் பழைய முதலாளி போட்டுவிட்டுப் போன நெட்வொர்க். சென்னையில் இன்டர்நெட். ஒன்று சொல்வது மற்றதற்குப் புரியாது. எங்கள் பக்கம் முகவரி என்றால், எந்த மெஷினைத் தாண்டி எந்த மெஷினுக்குப் போக வேண்டும் என்று வழியை முழுக்க எழுதி, நடுநடுவே ஆச்சரியக்குறி போட வேண்டும். உங்கள் பக்கம் ஆள் பெயர், 'அட்' என்கிற ஒரு சுழி, கம்பெனி பெயர், முடிந்தது. காலை, மதியம், சாயங்காலம் என் மெஷின் உன் மெஷினுக்குப் போன் போடும். வருகிற மெயிலை எங்கள் முகவரிக்கு மாற்றி வாங்கிக்கொள்ளும், போகிறதை உங்கள் முகவரிக்கு மாற்றிக் கொடுக்கும். எந்தப் பெயருக்கு எந்த வழி என்று நாம் ரெண்டு பேரும்தான் எழுதிவைத்திருக்கிறோம் என்றேன். அண்ணி ஞானம்மா ஆந்திரா எல்லையில் தடாக்காரி அல்லவா, "எங்க ஊரு செக்போஸ்ட் மாதிரின்னு சொல்லு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

எங்கள் பிளான்ட் மேனேஜர் ஆதிநாராயணன் சார் சுழியையும் ஆச்சரியக்குறியையும் ஒரே முகவரியில் கலந்து அடிக்கிறார். எதை முதலில் படிப்பது என்று மெஷின் விழிக்கிறது. நான் அடித்துத் தருகிறேன் என்றால், என் மெயிலை நீ ஏன் தொட வேண்டும் என்கிறார். அவர் அனுப்பியதெல்லாம் போக்கிடம் தெரியாமல் உன் பெட்டியில்தானே விழுகிறது? திட்டிக்கொண்டே சரிசெய்வாய் என்று தெரியும்.

கடைசியில் ஒரு நல்ல செய்தி. அண்ணனுக்கு எங்கள் கம்பெனியிலேயே இரும்பு உருக்குகிற ஷெட்டில் வேலை கிடைத்திருக்கிறது. கான்ட்ராக்ட்தான். ஆனாலும் ஒரே பஸ்ஸில் போகிறோம். எனக்கு சீட் பிடித்து வைக்கிறான்.

நீ பழவேற்காட்டில் உங்கள் வீட்டுக்குப் போகும்போது ஒரு நாள் இங்கேயும் வந்துவிட்டுப் போகக் கூடாதா?

உன்,
ஏஞ்சல்


மண்ணடி,
2.7.2002

நேசமுள்ள ஏஞ்சிக்கு,

அல்லாஹ்வின் அருளால் நான் நலம். வாப்பாவின் கருவாட்டு வியாபாரம் மட்டும் நலமில்லை. அதனால் என்னையும் தங்கை ஜபீனையும் சீக்கிரம் கரைசேர்க்க வேண்டும் என்று உம்மா பிடிவாதமாக இருக்கிறார். ஆகஸ்டில் என்னைப் பார்க்க ஷார்ஜாவிலிருந்து தாஹா என்று ஒருவர் வருகிறாராம், கணக்கர் உத்தியோகம். அந்த மாதம் முழுக்க லீவு போட்டிருக்கிறேன். மெஷின் தானாக ஓடும். எது முட்டிக்கொண்டு நின்றாலும் நான் வந்துதான் பார்க்க வேண்டும்.

உன் ஆதிநாராயணன் சாரைப் பற்றிச் சொல்லாதே. போக்கிடம் தெரியாத மெயில்களைத் திறந்து முகவரியை மட்டும் பார், உள்ளே படிக்காதே என்று எங்கள் சிஸ்டம்ஸ் மேனேஜர் எனக்குச் சட்டம் போட்டிருக்கிறார். நீயே சொல்லு, திறந்த கடுதாசியில் கண் போகாமல் இருக்குமா? போன வாரம் உன் சார் மச்சானோடு நில விஷயமாகச் சண்டை போட்டது வரை எனக்குத் தெரியும்.

ரெண்டு நெட்வொர்க் எதற்கு, கும்மிடிப்பூண்டியையும் இன்டர்நெட்டில் சேர்த்துவிட்டு நடுவில் இருக்கிற மெஷினைத் தூக்கிவிடலாம் என்று இங்கே பேச்சு அடிபடுகிறது. தூக்கிவிட்டால் நாம் ரெண்டு பேரும் எதற்கு? பயப்படாதே, என்ன வந்தாலும் சேர்ந்தே பார்ப்போம்.

அண்ணி நன்றாகச் சாப்பிடுகிறாளா? பிள்ளை பிறந்ததும் முதல் ஆளாக நான் வருவேன்.

என்றும் உன்,
அஃப்ஸானா


கவரைப்பேட்டை,
22.9.2002

அப்சு,

அண்ணன் போய்விட்டான். புதன்கிழமை மதியம் அண்ணன் ஷெட்டில் இரும்பு உருக்குகிற இரண்டாம் நம்பர் பர்னஸ் வெடித்தது. பர்னஸைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிற செம்புக் குழாய் இருக்கிறது. அதில் விரிசல் விட்டு, உருகிய இரும்பில் தண்ணீர் கலந்துவிட்டதாம். அண்ணனும், அவனோடு நின்ற கலியன் என்கிற பெரியவரும் அந்த இடத்திலேயே. எங்களுக்கு முகத்தைக் காட்டவில்லை. பெட்டியை மூடித்தான் கொடுத்தார்கள்.

சத்தம் கேட்டபோது நான் கம்ப்யூட்டர் ரூமில் இருந்தேன். ஓடினேன். கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள், பர்னஸ் செய்துகொடுத்த புனே கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்திருந்தார். இதே மாதிரி இன்னொரு பர்னஸ் வேறு ஊரில் விரிசல் விட்டதாம். நாங்கள் வந்து பார்க்கும்வரை ஓட்டாதீர்கள் என்று ஆகஸ்டிலேயே உங்களுக்கு மெயில் அனுப்பினோமே என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அப்படி ஒன்றும் வரவில்லை என்று ஆதிநாராயணன் சார் சொல்லிவிட்டார். என் மெஷினில் பார்க்கலாம் என்று போனால் ரூமைப் பூட்டி சாவியை எடுத்துப் போய்விட்டார்கள்.

நீ உன் பக்கம் தேடிப் பார். வேறு யாரைக் கேட்பேன்?

அண்ணி அழவே இல்லை. அம்மாதான் மயங்கி மயங்கி விழுகிறாள்.

ஏஞ்சல்


மண்ணடி,
30.9.2002

என் ஏஞ்சி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போகவே மனம் வரவில்லை. ஆனால் இதற்காகவே போனேன்.

கிடைத்தது. புனேக்காரர் அனுப்பியது அல்ல, உன் மேனேஜர் அதற்கு அனுப்பிய பதில். லீவு முடிந்து வந்தபிறகு நான் போக்கிடம் தெரியாத பெட்டியைத் திறக்கவில்லை. இன்று திறந்தேன். வழக்கம்போல ரெண்டு குறியையும் கலந்து அடித்திருக்கிறார். புனேக்குப் போகாமல் அங்கேயே கிடந்தது. ஆகஸ்ட் 21 தேதி. "உங்கள் எச்சரிக்கை கிடைத்தது. கையில் உள்ள ஆர்டர் முடியும்வரை இரண்டாம் பர்னஸை நிறுத்த இயலாது. ஆயுத பூஜை விடுமுறையில் ஆள் அனுப்புங்கள்." இதுதான் இருக்கிறது. என் கண்ணால் படித்தேன்.

அவருக்குத் தெரியும், ஏஞ்சி. தெரிந்தே ஓட்டியிருக்கிறார்.

நாளைக்குப் பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்கிறேன். எந்த அதிகாரி கேட்டாலும் வந்து சொல்வேன். நைனாவிடமும் அம்மாவிடமும் சொல். அண்ணியிடம் கட்டாயம் சொல். நான் இருக்கிறேன், தைரியமாக இரு.

உன்,
அஃப்ஸானா


கவரைப்பேட்டை,
4.11.2002

அன்புள்ள அப்சுக்கு,

உன் கடிதம் வந்தபிறகு உனக்கு இது மூன்றாவது கடிதம். முதல் ரெண்டுக்கும் பதில் இல்லை. ஆபீஸுக்குப் போன் செய்தால் மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்கிறார்கள். உடம்பு சரியில்லையோ என்று நினைக்கிறேன்.

அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அண்ணன் ஜாடை.

போன திங்கள்கிழமை என் கையில் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். புனேயிலிருந்து எச்சரிக்கை மெயில் சென்னைக்கு வந்தது உண்மையாம். கும்மிடிப்பூண்டி மெஷினில் நான் வழியைத் தப்பாக எழுதிவைத்ததால் மேனேஜருக்குப் போய்ச் சேரவில்லையாம். ரெண்டு உயிர் போனதற்கு என் கவனக்குறைவுதான் காரணமாம். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நடுவில் இருந்த மெஷினையும் எடுத்துவிட்டார்கள். இப்போது எல்லாம் ஒரே நெட்வொர்க்.

நோட்டீஸ் வந்த செய்தி எனக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்துவிட்டது. கான்ட்ராக்டர் ஆள் ஒருவன் வீட்டுக்கே வந்து அண்ணியிடம் சொல்லியிருக்கிறான். நான் உள்ளே போனபோது அவள் குழந்தையை மடியிலிருந்து எடுத்து அந்தப் பக்கம் கிடத்திக்கொண்டாள். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவளுக்குத் தெலுங்குதான் படிக்கத் தெரியும், தமிழ் எழுத்து தெரியாது. "நீ படிக்கிறது அதுல கீறதா, நீயா சொல்றதா, எனக்கு இன்னா தெரியும்?" என்றாள். நைனா சத்தம் போட்டார். அன்றிலிருந்து நான் வடித்த சோற்றை அவள் சாப்பிடுவதில்லை.

டிசம்பர் 10ஆம் தேதி திருவள்ளூரில் சர்க்கார் அதிகாரி விபத்தை விசாரிக்கிறார். சாட்சியாக உன்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். உன் கடிதத்தை நான் அங்கே கொடுக்கப் போகிறேன். வேண்டாம் என்றால் இப்போதே எழுது.

வா அப்சு. எனக்கு வேலை திரும்பக் கிடைக்காவிட்டால் போகிறது. அண்ணி காதில் விழுகிற மாதிரி ஒரு தடவை சொல்லிவிடு, அது போதும்.

ஏஞ்சல்


கவரைப்பேட்டை,
12.12.2002

அஃப்ஸானாவுக்கு,

நேற்று முன்தினம் நீ என்னைப் பார்க்காமலேயே காரில் ஏறிப் போய்விட்டாய். அதனால் எழுதுகிறேன்.

வாசலில் உன்னைப் பார்த்ததும் ஓடிவந்தேன். உன் பக்கத்தில் கம்பெனி வக்கீல் நின்றார். நீ துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டே உள்ளே போய்விட்டாய். பதற்றம் என்று நினைத்தேன்.

அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் கேட்டார். உன் கடிதத்தை உன்னிடமே காட்டி, இது உங்கள் கையெழுத்தா என்றார். ஆமாம் என்றாய். எனக்கு உயிர் வந்தது. இதில் சொல்லியிருக்கிற மெயிலைப் பார்த்தீர்களா என்று கேட்டார். நீ சொன்னதை நான் மறக்கப் போவதில்லை. "இல்ல சார். என் ஃப்ரெண்டு. அண்ணன் செத்துட்டார்னு ரொம்ப ஒடஞ்சு போய் எழுதியிருந்தா. ஆறுதலுக்காக அப்படி எழுதினேன். அந்த மாதிரி மெயில் எதுவும் நான் பாக்கல."

அப்படியே எழுதிக்கொண்டார்கள். அவர்கள் வேறென்ன செய்வார்கள்? உன் கடிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அண்ணி கைக்குழந்தையோடு எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். படிக்கத்தான் தெரியாது, காது கேட்கும். பஸ்ஸில் வரும்போது அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். வேப்பம்பட்டு தாண்டும்போது அம்மாவே எழுந்து வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டாள், "மெய்யாலுமே நீ ஒண்ணும் தப்பா தட்டலையே, கண்ணு?"

என் அம்மா, அஃப்ஸானா. என் அம்மாவே கேட்டாள்.

ஏன் செய்தாய்?

ஏஞ்சல்


பழவேற்காடு,
16.1.2003

ஏஞ்சிக்கு,

இந்தக் கடிதத்தை நீ கிழித்துப் போடாமல் படிக்க வேண்டும்.

நான் பிரின்ட் கொடுத்தபோது அது சிஸ்டம்ஸ் மேனேஜர் ரூமில் இருக்கிற பிரின்டரில் போய் விழுந்தது. நான் எடுக்கப் போவதற்குள் அவர் கையில் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். மேனேஜருடைய மெயிலை நீ படித்தது குற்றம், படிக்காதே என்று உனக்கு எழுத்திலேயே கொடுத்திருக்கிறோம், போலீஸில் புகார் கொடுத்தால் முதலில் ஸ்டேஷனுக்குப் போவது நீதான் என்றார். அன்றைக்கே அந்தப் பெட்டியை அழித்துவிட்டார்கள். இல்லாத ஒன்றைப் பார்த்தேன் என்று நான் எப்படி நிரூபிப்பேன்?

வாப்பாவைக் கூப்பிட்டும் பேசியிருக்கிறார்கள். வாப்பா என்னிடம் கோபப்படவில்லை. "ஸ்டேஷன் வாசல்ல நம்ம பொண்ணு நின்னான்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு வந்தா போதும்மா, ஒனக்குப் பின்னாடி ஜபீன் இருக்குறா" என்று மட்டும் சொன்னார். தாஹா வீட்டில் அப்போதுதான் சரி என்றிருந்தார்கள். ஆறுதலுக்காக எழுதினேன் என்று சொல், யாருக்கும் கெடுதல் இல்லை என்று வக்கீல்தான் சொல்லிக்கொடுத்தார்.

பிப்ரவரியில் நிக்காஹ். உடனே ஷார்ஜா போகிறோம். அதற்கு முன்னால் 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கவரைப்பேட்டைக்கு வருகிறேன். அதிகாரியிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அண்ணியிடம் சொல்கிறேன். அவள் கையைப் பிடித்துச் சொல்கிறேன்.

அஃப்ஸானா


கவரைப்பேட்டை,
2.2.2003

அஃப்ஸானாவுக்கு,

26ஆம் தேதி நான் காலையிலேயே ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். சென்னையிலிருந்து வந்த ஒவ்வொரு லோக்கலையும் பார்த்தேன். பிறகு பழவேற்காட்டிலிருந்து வருவதானால் பஸ்ஸில்தான் வருவாய் என்று ரோட்டுக்கு ஓடினேன். இங்கும் அங்குமாகவே பொழுது சாய்ந்துவிட்டது.

அண்ணி சம்மதித்திருந்தாள். அது உனக்குத் தெரிய வேண்டும். உன் தோழி வந்து சொல்லட்டும், கேட்கிறேன் என்றாள். குழந்தைக்குத் தலை வாரிப் புதுச் சட்டை போட்டு மடியில் வைத்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். நைனா உனக்காக ஸ்டேஷன் கடையிலிருந்து சமோசா வாங்கி வந்து வைத்தார்.

நான் தனியாகத் திரும்பி வந்ததைப் பார்த்து அண்ணி எழுந்துகொண்டாள். "வர்றவளா இருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பா" என்றாள். என்னைத் திட்டவில்லை. மறுநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தடாவுக்குப் போய்விட்டாள். அம்மா பஸ் வரைக்கும் பின்னாலேயே போனாள். குழந்தையைக் கடைசியாக ஒரு தடவை கொடு என்று கேட்டதற்குக் கொடுத்தாளாம்.

நிக்காஹ் நல்லபடியாக நடக்கட்டும்.

ஏஞ்சல்


ஷார்ஜா,
3.5.2006

ஏஞ்சலுக்கு,

இந்த முகவரியில்தான் இன்னும் இருக்கிறாயா என்று தெரியாமல் எழுதுகிறேன். எனக்கு ஒரு பையன், அப்ரார். வாப்பா போன வருஷம் நோயில் விழுந்து மௌத்தாகிவிட்டார். ஜபீனுக்கும் கல்யாணம் முடிந்துவிட்டது. இனி யாரும் என்னை எதுவும் செய்ய முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பொன்னேரி வரை வந்தேன். அங்கிருந்து திரும்பிவிட்டேன். காரணம் சொல்லமாட்டேன், நீ நம்பும்படி ஒன்றும் என்னிடம் இல்லை.

இதோடு அண்ணிக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். நான் பார்த்த மெயில், அதில் இருந்த வரி, தேதி, என்னை மிரட்டியது, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீ படித்தால் நம்பமாட்டாள் என்று எழுதியிருந்தாய். வேறு யாரையாவது படிக்கச் சொல். யாரிடம் வேண்டுமானாலும் காட்டு.

ஒரு வரி பதில் எழுது.

அஃப்ஸானா


கவரைப்பேட்டை,
11.6.2006

திருமதி அஃப்ஸானா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. வந்து சேரவில்லை என்று நான் சொல்லமாட்டேன்.

நான் இப்போது செங்குன்றத்தில் ஒரு அரிசி மண்டியில் பில் போடுகிறேன். கல்யாணம் ஆகவில்லை. இரண்டு இடம் வந்து, விசாரித்துவிட்டுப் போய்விட்டார்கள். கம்பெனியை வேறு முதலாளி வாங்கிவிட்டார். ஆதிநாராயணன் சார் ரிட்டயர் ஆகிக் கோயில் கட்டுகிறாராம். அந்த நோட்டீஸ் மட்டும் என் பெயரில் இன்னும் இருக்கிறது.

போன ஞாயிறு உங்கள் தாளை எடுத்துக்கொண்டு தடாவுக்குப் போனேன். அண்ணி அங்கே ஒரு செருப்புக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மெலிந்துபோயிருக்கிறாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அங்கே சபையில் தமிழ் படிக்கத் தெரிந்த ஊழியர் ஜெயராஜ் ஐயா இருக்கிறார். அவரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். நான் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டேன். அவர் நிறுத்தி நிறுத்தி, ஒரு எழுத்து விடாமல் படித்தார்.

அண்ணி முழுக்கக் கேட்டாள். அவர் முடித்ததும், அந்தப் பெண் எழுதியதுதானா என்று கேட்டாள். ஆமாம் என்றார். அவள் சொன்னாள்.

"அன்னிக்கும் இப்டித்தான் எழுதுனா. ஆபீசர் கேட்டதுக்கு, ஆறுதலுக்கு எழுதுனேன்னு சொன்னா. இதுவும் ஆறுதலுக்கு எழுதுனதுதான். எடுத்துக்கினு போங்க."

ஜெயராஜ் ஐயா எவ்வளவோ எடுத்துச் சொன்னார். அவள் உள்ளே போய் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை. எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது? தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

நாங்கள் கிளம்பும்போது குழந்தை வெளியே விளையாடிக்கொண்டிருந்தது. நன்றாக வளர்ந்திருக்கிறாள். அண்ணனுடைய நெற்றி. என்னைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் அம்மாவிடம் யார் என்று தெலுங்கில் கேட்டாள். அந்த அளவு தெலுங்கு எனக்கும் தெரியும். யாரும் இல்லை, கம்பெனியிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று அண்ணி சொன்னாள்.

இப்படிக்கு,
பா. ஏஞ்சல்